தொட்டி மாற்றினால் தழைக்கும் மஞ்சள்

(மாதர் பிரிவு நடத்திய வீட்டுத் தோட்டப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு மிகச் சிறியது. வீட்டுத் தொட்டியில் வளரும் மஞ்சள் செடியை வேறு தொட்டிக்கு மாற்றி நடுவது எப்படி என்பதே அது. 'இதற்கும் ஓர் உரையா?' என்று சிலர் நினைக்கலாம். ஒரு தொட்டியும் ஒரு பை மண்ணும் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் அந்த அரை மணி நேர வேலையை அறியாத காரணத்தால், உயிருள்ள செடிகள் ஆண்டுதோறும் நம் வீடுகளிலிருந்து குப்பைக்குப் போகின்றன. அதனால்தான் இதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன்.

தை மாதம் பிறக்கும் முன்பே தேக்காவிலும் கேம்பல் லேனிலும் கரும்புக் கட்டுகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் கொத்துகள் வந்து இறங்கிவிடுகின்றன. இலையும் கிழங்கும் வேரும் சேர்ந்த கொத்தை வாங்குகிறோம். சிலர் தொட்டியோடு வாங்குகிறோம். பொங்கல் பானையின் கழுத்தில் கட்டுகிறோம். பொங்கல் முடிகிறது. கொத்து வாடுகிறது. மூன்றாம் நாள் அது குப்பைக் குழாய்க்குள் போய்விடுகிறது. தொட்டிச் செடி இன்னும் ஓரிரு மாதம் தாழ்வாரத்தில் நிற்கும். பிறகு ஒவ்வோர் இலையாகப் பழுக்கும். 'தண்ணீர் ஊற்றியும் செத்துவிட்டதே!' என்று வருந்தி அதையும் வெளியே வைத்துவிடுகிறோம்.

உண்மையில் அந்தச் செடி சாகவில்லை. மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு உறங்கிக்கொண்டிருக்கிறது. நாம் எறிவது அடுத்த ஆண்டின் பொங்கல் மஞ்சளை.

விதையில்லாப் பயிர்

மஞ்சளைப் பற்றி முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றச் செடிகளைப் போல இது விதையால் பெருகுவதில்லை.

மஞ்சள், இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு இதற்கு 'குர்குமா லோங்கா' என்று பெயர் சூட்டினார். மஞ்சள் செடி பூக்கும். இளம் பச்சையும் வெண்மையும் கலந்த மடல்கள் அடுக்கடுக்காக அமைந்த அழகிய கதிரில், சிறிய மஞ்சள் நிறப் பூக்கள் எட்டிப் பார்க்கும். ஆனால் அந்தப் பூ நமக்கு விதை தருவதில்லை. பயிராகும் மஞ்சள் வகைகளில் பெரும்பாலானவற்றின் உயிரணுவில் 63 குரோமோசோம்கள் உள்ளன; அதாவது, 21 வீதம் மூன்று தொகுதிகள். விதை உண்டாக வேண்டுமானால் இவை சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்று தொகுதிகளை இரண்டாகப் பங்கிட முடியாது. ஆராய்ச்சி நிலையங்களில் மிகுந்த முயற்சியின் பேரில் சில வகைகளில் விதை எடுத்திருக்கிறார்கள். நம் வீட்டுத் தொட்டியில் அதை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் இத்தனை நூற்றாண்டுகளாக இந்தச் செடி எப்படிப் பெருகியது? யாரோ ஒருவர் கிழங்கைத் தோண்டி எடுத்தார், உடைத்தார், ஒரு துண்டை மீண்டும் மண்ணில் புதைத்தார். அடுத்த ஆண்டு அதையே செய்தார். அடுத்த வீட்டாருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். காற்றோ பறவையோ இதன் விதையைக் கொண்டு போய்ப் போட்டதில்லை. இது மனிதக் கைகளால் மட்டுமே ஊர் ஊராகப் பயணம் செய்த பயிர். இன்று உங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் செடி இருக்கிறதென்றால், ஓராண்டும் இடைவிடாமல் யாரோ அதை எடுத்து நட்டு வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

நம் சிங்கப்பூர்த் தமிழர்களின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்ளுங்களேன். கம்பங்களிலும், செம்பவாங் கடற்படைத் தளம் போன்ற இடங்களின் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாழ்ந்த காலத்தில் வீட்டுக் கொல்லையில் மஞ்சளுக்கும் கறிவேப்பிலைக்கும் இடம் இருந்தது. 1960ஆம் ஆண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்ட பின்னர், குடும்பங்கள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. கொல்லையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக முடியாது. ஆனால் ஒரு கிழங்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போகலாம். பிஸ்கட் டின்னில் நட்டு வைக்கலாம். அப்படிக் கொண்டு போன வீடுகளில் செடி தொடர்ந்தது. கொண்டு போகாத வீடுகளில் அது அத்தோடு நின்றது. மண்ணில் விதை கிடந்து பிறகு முளைக்கும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

ஆகவே மஞ்சளைத் தொட்டி மாற்றி நடுவதுதான் அந்தச் செடிக்கு மறுபிறவி. இந்த எண்ணத்தோடு செய்முறைக்கு வருவோம்.

எப்போது மாற்றுவது?

தொட்டி மாற்றுவதற்கு இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, செடி பச்சைப் பசேலென்று வளர்ந்துகொண்டிருக்கும்போதே தொட்டி போதாமல் போவது. வடிகால் துளை வழியே வேர் வெளியே வரும். மண்ணுக்கு மேலே கிழங்கு தலைகாட்டும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் பக்கவாட்டில் புடைத்து நிற்கும். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். புதிதாக வரும் இலைகள் முந்தியவற்றைவிடச் சிறுத்திருக்கும். இவற்றைக் கண்டால் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஆனால் அப்போது கிழங்கைப் பிரிக்கக் கூடாது. மண்ணுருண்டை உடையாமல் அப்படியே எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, இலை காய்ந்து செடி உறக்கத்துக்குப் போகும் காலம். கிழங்கைப் பிரித்து நடுவதற்கு ஏற்ற காலம் இதுதான். மஞ்சள் நட்டதிலிருந்து ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது மாதங்களில் முதிரும். முதிர்ந்ததும் இலையில் உள்ள சத்து கிழங்குக்கு இறங்கிவிடும். இலை பழுத்துச் சாயும். நம் ஊரில் குளிர்காலமும் இல்லை, பகல் நேரமும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணிதான். இருந்தாலும் முதிர்ந்த செடி பெரும்பாலும் ஓய்வெடுக்கவே செய்யும்.

தமிழ்நாட்டு உழவர்கள் சித்திரை, வைகாசியில் தொடங்கி மஞ்சள் நடுகிறார்கள். தை மாதத்தில் இலையும் கிழங்குமாக அது நிறைந்து நிற்கிறது. பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து வந்து சேர்ந்தது இந்தப் பருவக் கணக்கினால்தான். நாம் பொங்கலுக்கு வாங்கும் தொட்டிச் செடியும் ஏறக்குறைய முதிர்ந்த செடியே. மாசி, பங்குனியில் அது பழுப்பது இயற்கை. நல்லவேளையாக, ஜனவரியில் அடைமழை கொட்டினாலும் பிப்ரவரியில் சிங்கப்பூரில் பெரும்பாலும் மழை குறைந்துவிடும். கிழங்கை எடுத்து உலர்த்த அதுவே வசதியான நேரம்.

இலை பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள். பாதி பழுத்த இலையை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அது தன் கடைசிச் சத்தைக் கிழங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. முழுவதும் காய்ந்து சாய்ந்த பிறகு அடியோடு வெட்டிவிட்டு, இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள். தொட்டி மழைச்சாரல் படும் இடத்தில் இருந்தால் உள்ளே தள்ளி வையுங்கள்.

கிழங்கை எடுத்துப் பிரித்தல்

கிழங்கை எடுக்கும்போது பலர் தண்டைப் பிடித்து இழுப்பார்கள். அது கூடாது. மஞ்சளுக்கு நாம் தண்டு என்று சொல்வது உண்மையான தண்டன்று. வாழையைப் போல, இலையின் அடிமடல்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு தண்டாகத் தோன்றுகின்றன. உண்மைத் தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கே. மேலே இழுத்தால் மடல் கையோடு வந்துவிடும். கிழங்கு காயப்பட்டு உள்ளேயே தங்கிவிடும்.

பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரியுங்கள். தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துச் சுற்றிலும் தட்டுங்கள். பிளாஸ்டிக் தொட்டியென்றால் கையால் அழுத்தி அழுத்தித் தளர்த்துங்கள். மண்ணுருண்டை முழுதாகச் சறுக்கிக்கொண்டு வரும். கையாலேயே மண்ணை உதிருங்கள். கையுறை அணிந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் நகக்கண்ணில் ஏறிய மஞ்சள் இரண்டு நாளைக்குப் போகாது. வெள்ளைச் சட்டையோடு இந்த வேலைக்கு உட்கார வேண்டாம் என்று ஆடவர்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது கொத்தைப் பாருங்கள். நடுவில் உருண்டையாக இருப்பது தாய்க் கிழங்கு. அதிலிருந்து விரல் விரலாகக் கிளைத்திருப்பவை விரலிகள். அழுத்திப் பார்த்தால் கல் போல் கெட்டியாக இருக்க வேண்டும். முறித்தால் உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும். தொட்டால் குழைந்து, நாற்றம் அடித்தால் அழுகல் நோய் கண்டது என்று பொருள். தேங்கிய நீரில் பெருகும் ஒருவகைப் பூஞ்சை போன்ற நுண்ணுயிரி இதற்குக் காரணம். அப்படிப்பட்ட கிழங்கையும் அது இருந்த மண்ணையும் சேர்த்துக் கட்டி எறிந்துவிடுங்கள். அந்த மண்ணை வேறு செடிக்குப் போட வேண்டாம். தொட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்த பிறகே மீண்டும் பயன்படுத்துங்கள்.

நல்ல கிழங்குகளைக் கணு பார்த்துப் பிரிக்க வேண்டும். கையால் முறிந்தால் முறிக்கலாம். இல்லையேல் சுத்தமான கத்தியால் வெட்டலாம். ஒரு துண்டு 20 முதல் 30 கிராம், அதாவது ஏறக்குறைய பெருவிரல் அளவு, இருந்தால் போதும். ஒவ்வொரு துண்டிலும் ஒன்றிரண்டு முளைகளாவது இருக்க வேண்டும். வெட்டிய முகத்தில் கொஞ்சம் விறகுச் சாம்பலைத் தடவி, ஒன்றிரண்டு நாள் நிழலில் ஆறவிட்டால் காயம் உலர்ந்துவிடும்.

இங்கே ஒரு வேண்டுகோள். கொழுத்த கிழங்கைப் பார்த்ததும் நம் கை தானாகவே அதைச் சமையலறைப் பக்கம் எடுத்து வைக்கும். மெலிந்ததை நடுவதற்கு ஒதுக்குவோம். இதை மாற்றிச் செய்யுங்கள். கொழுத்ததை நடுங்கள், மெலிந்ததைச் சமையுங்கள். கையிருப்பில் உள்ள உணவைக் கொண்டுதான் கிழங்கு முதல் இலையை விட வேண்டும். விதைக்கு நல்லதை எடுத்து வைக்காத குடியானவன் அடுத்த ஆண்டு கடன்காரன் ஆவான்.

பிரித்த கிழங்குகளைக் காற்றோட்டமான கூடையில் அல்லது உலர்ந்த மணலில், நிழலில் மூன்று நான்கு வாரம் வைத்திருங்கள். நடப்போகும் கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிர் அதன் முளைக்கு ஆகாது. முளைகள் பருத்து, வெளிர் நிறத்தில் கூர்மையாகக் கிளம்பினால் கிழங்கு விழித்துக்கொண்டது என்று கொள்ளலாம்.

தொட்டியும் மண்ணும்

மஞ்சள் கிழங்கு ஆழமாகப் போவதைவிடப் பக்கவாட்டில் பரவுவதையே விரும்பும். ஆகவே உயர்ந்து ஒடுங்கிய தொட்டி இதற்கு உதவாது. ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள தொட்டியில் ஒரு துண்டு நடலாம். ஒன்றரை அடி அகலமானால் மூன்று துண்டுகள் நடலாம். கனமான மண் தொட்டியைத் தூக்க முடியாத முதியவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பழக்கடைகளில் காலியாகக் கிடக்கும் வெள்ளை நுரைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, அடியில் பென்சில் பருமனில் எட்டுப் பத்துத் துளைகள் போட்டால் போதும். அகலமும் கிடைக்கும், எடையும் இருக்காது.

மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். கடையில் பையில் விற்கும் கறுப்பு மண்ணை அப்படியே போட்டால் சில மாதங்களில் இறுகிப்போகலாம். இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு நன்கு மக்கிய உரம், ஒரு பங்கு பருமணல் அல்லது கரிந்த உமி அல்லது தென்னை நார்த்தூள் எனக் கலந்துகொள்ளுங்கள். ஈரமாக்கிக் கைப்பிடிக்குள் அழுத்திப் பாருங்கள். உருண்டை பிடித்து, விரலால் தொட்டவுடன் உதிர்ந்தால் சரியான பதம். களிமண் போல் ஒட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் மணல் சேர்க்க வேண்டும்.

தொட்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். முக்கால் பாகம் நிரப்பினால் போதும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கிழங்கின் முளை மேல்நோக்கி இருக்குமாறு இரண்டு அங்குல ஆழத்தில் வைத்து மூடுங்கள். ஒருமுறை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் பிறகு, மேல்மண் காய்ந்தால் மட்டும் தெளித்தால் போதும். இலையில்லாத கிழங்குக்குக் குடிக்கத் தெரியாது. அதிகம் ஊற்றினால் அழுகிவிடும்.

முளை மண்ணுக்கு மேலே வர மூன்று முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். அதற்குள் பொறுமை இழந்து தோண்டித் தோண்டிப் பார்த்தால் முளை முறிந்துவிடும். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். தாத்தா பாட்டிகளுக்கும் இது பொருந்தும்.

நட்ட பிறகு

முளை வந்ததும் காலை வெயில் படும் இடமாகப் பார்த்து வையுங்கள். நாளுக்கு நான்கைந்து மணி நேர வெயில் கிடைத்தால் கிழங்கு நன்றாக இறங்கும். தாழ்வாரத்தின் அரை நிழலிலும் செடி வளரும், கிழங்கு மட்டும் சற்றுக் குறையும்.

இரண்டு மாதம் ஆனதும் கிழங்கு பருத்து மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்கும். அப்போதுதான் தொட்டியில் நாம் விட்டு வைத்த கால் பாகம் உதவிக்கு வருகிறது. மண்ணும் மக்கிய உரமும் கலந்து செடியைச் சுற்றிப் போட்டு நிரப்புங்கள். வயலில் இதை மண் அணைத்தல் என்பார்கள். இன்னும் இரண்டு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை அணைக்கலாம். மேலே காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் காக்கும்.

மாதம் ஒரு கைப்பிடி மக்கிய உரம் போதும். கடலைப் புண்ணாக்கு நல்ல உரம்தான், ஆனால் ஊற வைத்த புண்ணாக்கின் மணம் பத்தாவது மாடியில் கிளம்பினால் பன்னிரண்டாவது மாடியிலிருந்து புகார் வரும்! தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலை யானைக்காது போல் வளரும், கிழங்கு இறங்காது.

வளரும் செடியை மண்ணுருண்டையோடு பெரிய தொட்டிக்கு மாற்றுபவர்கள் மாலை வேளையில் செய்யுங்கள். மாற்றியபின் ஒரு வாரம் நிழலில் வையுங்கள். கீழ் இலை ஒன்றிரண்டு பழுக்கும். அதற்காக அஞ்ச வேண்டாம்.

அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையின்றி

அடுக்குமாடியில் செடி வளர்ப்பவர்களுக்குப் பொறுப்பும் உண்டு. பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தீ விபத்து நேர்ந்தால் நம் தொட்டி பக்கத்து வீட்டு முதியவரின் காலில் இடறக் கூடாது அல்லவா? கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டியை வைக்கவே கூடாது. கீழே நடந்து போகிறவரின் உயிர் அது.

அடுத்தது கொசு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம் போதும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீர் அதற்குத் தாராளம். தட்டை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டித் துடையுங்கள். இறுகிய மேல்மண்ணில் தேங்கும் தண்ணீரிலும் கொசு வளரும். ஆகவே மேல்மண்ணைக் கிளறி விடுங்கள். இது மஞ்சளுக்கும் நல்லது. தேங்கிய நீர்தானே அதற்கும் பகை?

வீட்டில் வெயிலே இல்லை என்பவர்கள் மனம் தளர வேண்டாம். தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தின்கீழ் குடியிருப்புப் பேட்டைகளில் சமூகத் தோட்டங்கள் பல உருவாகியுள்ளன. உங்கள் பேட்டையிலும் ஒன்று இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

இலைக்கும் உறவு உண்டு

நாம் கிழங்கை மட்டுமே பெரிதாக எண்ணுகிறோம். நம் மலாய் அண்டைவீட்டாரைக் கேளுங்கள். மஞ்சளை 'குன்யிட்' என்றும் அதன் இலையை 'டாவுன் குன்யிட்' என்றும் சொல்வார்கள். ரெண்டாங் சமைக்கும்போது இலையை மெல்லியதாக நறுக்கிச் சேர்ப்பார்கள். நன்கு வளர்ந்த செடியிலிருந்து இரண்டு இலையைப் பறித்துக் கொடுத்துப் பாருங்கள். ஹரிராயா அன்று அந்த இலையின் மணம் உங்கள் வீட்டுக்கே திரும்பி வரக்கூடும். ஒரே நேரத்தில் எல்லா இலையையும் மட்டும் பறித்துவிடாதீர்கள். இலைதான் கிழங்குக்குச் சோறு சமைக்கிறது.

உடல்நலத்துக்காக மஞ்சளை விரும்புபவர்களுக்கும் ஒரு சொல். சமையலில் சேர்க்கும் அளவு நம் பாட்டிமார் காலந்தொட்டுப் பழகியது. செறிவூட்டிய மாத்திரை வேறு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும், கல்லீரல் அல்லது பித்தப்பைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை எடுக்கக் கூடாது.

எழுதி வைப்போம், கொடுத்து வைப்போம்

முடிக்குமுன் ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். 1995ஆம் ஆண்டு மார்ச் மாதம், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. பெற்றது ஒரு பல்கலைக்கழக மருத்துவ நிலையம். காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போடாத தமிழ் வீடு உண்டா? ஆனால் 'எங்கள் பாட்டிக்குத் தெரியும்' என்று சொன்னால் காப்புரிமை அலுவலகம் ஏற்றுக்கொள்ளாது. எழுத்தில் ஆதாரம் கேட்கும். இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களிலும் ஆய்வேடுகளிலும் தேடி 32 சான்றுகளைத் திரட்டி எதிர்த்து வாதாடியது. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அந்தக் காப்புரிமை ரத்தானது.

அந்த வழக்கைக் காப்பாற்றியது ஏட்டில் இருந்த எழுத்து. செடியைக் காப்பாற்றுவது கைமாறும் கிழங்கு. இரண்டும் நம் வீட்டில் தொடர வேண்டும். எப்போது இலை பழுத்தது, எப்போது கிழங்கு எடுத்தீர்கள், எத்தனை துண்டு நட்டீர்கள், எப்போது முளை வந்தது என்பதை வீட்டு நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்கள் வீட்டு வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற கணக்கு உங்களிடமே இருக்கும். பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் எழுதி வையுங்கள். தமிழில் எழுதினால் இரட்டை நன்மை.

மாசி, பங்குனியில் எடுத்து, சித்திரையில் நட்டால், தையில் உங்கள் வீட்டு மஞ்சளே உங்கள் பொங்கல் பானையில் ஏறும். ஒரு தொட்டியைப் பிரித்தால் நான்கைந்து துண்டுகளாவது கிடைக்கும். அத்தனைக்கும் உங்கள் வீட்டில் இடம் இருக்காது. ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திருமணமாகித் தனிவீடு போன மகனுக்கோ மகளுக்கோ கொடுங்கள். ஒன்றை அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள். என்றாவது உங்கள் தொட்டியில் அழுகல் கண்டு செடி முழுதும் போய்விட்டால், நீங்கள் கொடுத்த கிழங்கே உங்களைத் தேடி வரும். விதையில்லாத பயிருக்கு அடுத்த வீட்டுத் தொட்டிதான் விதைக் களஞ்சியம்.

உங்கள் தாழ்வாரத்தில் இலை பழுத்த மஞ்சள் தொட்டி ஒன்று இப்போது இருக்குமானால், தயவு செய்து அதை எறியாதீர்கள். ஒரு செய்தித்தாளை விரித்து, தொட்டியைச் சாய்த்துத் தட்டிப் பாருங்கள்.